கிணற்று மோட்டருக்கு ஒரு ராஸ்பெரி பை: சாமான் சேர்த்த அனுபவம்

ராஸ்பெரி பை என்ற கையளவு கணினிப் போர்டை வாங்குவதுதான் இந்த வேலையிலேயே ஆகச் சுலபமான பகுதி. காசைக் கொடுத்தால் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு சார்ஜர், மெமரி கார்ட், வயர், பெட்டி, ரிலே, கொன்டாக்டர், மிதவைச் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக வந்து வாசலில் நிற்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லி வைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. கொழும்பில் இருப்பவர் ஒரு பின்னேரம் கடைத்தெருவுக்குப் போனால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். கிளிநொச்சிப் பக்கம் இருப்பவருக்கு ஒரு ரெசிஸ்டர் குறைந்தாலும் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் கொரியர்காரரின் அழைப்புக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எதை எதையெல்லாம் சேர்த்து ஒரே முறையில் எடுப்பது, எதை வாங்கவே தேவையில்லை என்று முதலே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. நான் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது ஒரு பஸ் காசாவது மிஞ்சட்டும்.

எங்கள் வளவு தர்மபுரம் பக்கம். கிணற்றடியில் ஒரு குதிரைவலு மோட்டர், அதற்கு ஒரு சின்னக் கொட்டில், பக்கத்தில் தூண் எழுப்பி வைத்த ஆயிரம் லீற்றர் தாங்கி. அதிலிருந்துதான் வீட்டுக்கும் பின்வளவில் நிற்கிற மிளகாய்க்கும் பப்பாசிக்கும் தண்ணீர். அப்பா மோட்டரைப் போட்டுவிட்டு யாரோடாவது கதைத்துக்கொண்டு நிற்பார், தாங்கி வழிந்து கொட்டிலைச் சுற்றிச் சேறாகும். ஆடி ஆவணியில் கிணறு இறங்கிவிட்டால் மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டு சூடேறும். கரண்ட் போய் நடுச்சாமத்தில் வந்தால், விடிந்தால் தண்ணீர் இல்லாமல் போய்விடுமே என்று எழும்பி டோர்ச் லைட்டோடு கிணற்றடிக்குப் போவார். பாம்பு, பூச்சி உலாவுகிற நேரம். இதை நிறுத்தத்தான் எல்லாம் தொடங்கியது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். தாங்கி நிரம்பியதும் மோட்டர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் கணினி எதுவும் வேண்டாம். தாங்கியில் ஒரு மிதவைச் சுவிட்ச், கிணற்றில் ஒன்று, நடுவில் மோட்டரின் கரண்டைத் தாங்குகிற பெரிய சுவிட்சான கொன்டாக்டர் ஒன்று, வயரிங் செய்கிற ஒருவரின் அரை நாள் வேலை. அதோடு நிம்மதியாகப் படுக்கலாம். எத்தனையோ பேர் ஆசைப்பட்டுப் போர்டை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருப்பதற்குக் காரணம், அவர்களுடைய தேவைக்கு அது பெரிது. எங்களுக்கு அதற்கு மேலே சில விஷயங்கள் வேண்டியிருந்தன: பின்னேரம் வோல்டேஜ் இறங்கி எல்லா வீட்டு மின்குமிழும் மங்குகிற நேரத்தில் மோட்டர் ஓடக்கூடாது, கிணறு எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்ற கணக்கு வேண்டும், நான் வெளியில் நிற்கும்போது போனில் தெரிய வேண்டும், நாளைக்குத் தோட்டத்து வால்வுகளையும் இதிலேயே சேர்க்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று நிபந்தனைகள் சேர்கிற இடத்தில்தான் போர்டுக்கு வேலை வருகிறது.

ராஸ்பெரி பை 2012 பெப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்தபோது விலை 35 டொலர். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் செய்த சாமான். எங்கள் கைக்கு அந்த 35 டொலர் ஒருநாளும் 35 டொலராக வந்ததில்லை. 2022இல் டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடும் அதோடு சேர்ந்துகொண்டது, பை 4 கண்ணால் காணக்கூடக் கிடைக்கவில்லை. இப்போது கிடைக்கிறது. ஆனால் புதிதாக வந்ததுதான் நல்லது என்று பை 5க்குப் போகத் தேவையில்லை. அது 5 வோல்டில் 5 அம்பியர் தருகிற சார்ஜர் கேட்கும், சூடேறும், விசிறி கேட்கும். மோட்டரைப் போட்டு நிறுத்துவதற்கு அவ்வளவு வலு எதற்கு? 2021இல் வந்த சீரோ 2 டபிள்யூ என்ற குட்டிப் பை 512 எம்பி ராமோடு இந்த வேலையைச் செய்துவிடும், ஆனால் அதன் சாதாரண வகை, வயர் பூட்டுகிற பின்கள் இல்லாமல் வரும், நீங்களே பற்றவைக்க வேண்டும். வேறு கம்பனிகளின் மலிவுப் போர்டுகளும் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது சிக்கல் வந்து இணையத்தில் தேடினால் பதில் சொல்ல ஆள் குறைவு. தெரியாத இடத்தில் நிற்கிறவனுக்குக் கூட்டம் அதிகமான பாதைதான் நல்லது.

நான் எடுத்தது பாவித்த பை 3. 2016இல் வந்த மாதிரி, 1 ஜிபி ராம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. இறுதி வருட புரொஜெக்ட் முடித்த பிள்ளைகளிடம் இப்படிப் போர்டுகளும் சென்சர்களும் சும்மா கிடக்கும், கேட்டுப் பார்த்தால் நியாயமான விலைக்குத் தருவார்கள். எங்கள் ஊரிலேயே இப்படி ஒரு ஊற்று இருக்க, கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாவித்த போர்ட் வாங்கும்போது சில விஷயங்களைப் பார்த்து எடுக்க வேண்டும். பின்கள் வளைந்திருக்கிறதா, அவற்றின் அடியில் கருகிய நிறம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உங்களுடைய கார்டைப் போட்டு இயக்கி வைஃபை பிடிக்கிறதா, நாலு யூஎஸ்பி வாயும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு எல்ஈடியையும் 330 ஓம் ரெசிஸ்டரையும் வைத்து, பாவிக்கப் போகிற ஒவ்வொரு பின்னையும் எரித்து அணைத்துப் பாருங்கள். இந்தப் போர்டின் பின்கள் 3.3 வோல்டுக்கு மட்டும் பழக்கப்பட்டவை. முன்னம் வைத்திருந்தவர் எங்காவது 5 வோல்டைக் கொடுத்திருந்தால் போர்ட் வெளியில் நல்லாக இருக்கும், அந்த ஒரு பின் மட்டும் செத்திருக்கும்.

இனிக் கரண்ட். வன்னியில் இந்த வேலையின் முக்கால்வாசி தலையிடி இதில்தான். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த காலத்தைத் தாண்டி வந்துவிட்டோம்தான். ஆனாலும் 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் ஏறியதென்று நாடே இருண்டதையும் பார்த்தோம். காற்று மழை என்றால் எங்கள் பக்கம் குரங்கு கூடத் தேவையில்லை. கரண்ட் திடீரென்று போய் வந்து போனால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறும், அடுத்த முறை போர்ட் எழும்பாது. எழும்பினாலும் சார்ஜர் சரியில்லையென்றால் காரணம் தெரியாமல் இடையிடையே விழும்.

இணையத்தில் ஓடர் பண்ணி எடுத்த ஒரு சார்ஜரில் 3 அம்பியர் என்று பளபளப்பாக அச்சடித்திருந்தது. போர்டை வேலை வாங்கிக்கொண்டு வோல்ட் அளக்கிற மல்ட்டிமீற்றரை 5 வோல்ட் பின்னில் வைத்துப் பார்த்தால் 4.6க்குக் கீழே போய் வந்தது. பை 4.63 வோல்டுக்குக் கீழே இறங்கினால் மின்னல் குறி காட்டும், தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். திரை பூட்டாமல் பாவிக்கிறவர்களுக்கு அந்தக் குறி தெரியாது. அவர்கள் விசிஜென்சிஎம்டி என்ற கட்டளையில் கெட் திராட்டில்ட் என்று (vcgencmd get_throttled) கேட்டுப் பார்க்க வேண்டும். விடை வெறும் பூச்சியம் என்றால் நல்லது, வேறு எண் வந்தால் வோல்ட் இறங்கியிருக்கலாம், இல்லையென்றால் போர்ட் சூடேறியிருக்கலாம். வோல்ட் என்றால் சார்ஜரையோ வயரையோ மாற்ற வேண்டும். பல இடத்தில் குற்றம் சார்ஜரில் இல்லை, மெல்லிய, நீளமான யூஎஸ்பி வயரில்தான் வோல்ட் விழுகிறது. நல்ல மல்ட்டிமீற்றர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். போர்டுக்கு முதலே அதை வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன்.

கடைசியில் நான் யூஎஸ்பி சார்ஜரையே விட்டுவிட்டேன். அலாரம், யூபிஎஸ் எல்லாவற்றிலும் வருகிற 12 வோல்ட் 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி, அதை எந்நேரமும் 13.6 வோல்ட் அளவில் நிரப்பிக்கொண்டிருக்கிற ஒரு சார்ஜர், பற்றரியிலிருந்து 5 வோல்டுக்கு இறக்க ஒரு பக் கன்வேட்டர். கணக்கு லேசானது. 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி, ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள், பை 3 மூன்று வாட் அளவு தின்னும் என்று கணக்கெடுங்கள், கன்வேட்டரில் கொஞ்சம் வீணாகும். ஆக, பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கும். பற்றரி கிளிநொச்சி டவுனிலேயே கிடைக்கும், இதற்காக எங்கும் ஓடத் தேவையில்லை. ஆனால் பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போடுங்கள். வயர் உரசிப் பற்றினால் 12 வோல்ட்தானே என்று அது இரக்கம் காட்டாது.

அந்த பக் கன்வேட்டர் மொடியூலில் ஒரு குட்டி நீலப் பெட்டி இருக்கும், அதன் தலையில் பித்தளைத் திருகு. கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்டில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பற்றரியைக் கொடுத்து, வெளிப்பக்கத்தில் மீற்றரை வைத்து, நகைக்கடைக்காரர் பாவிக்கிற மாதிரியான சின்ன ஸ்குரூ டிரைவரால் இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். முதல் பல சுற்றுக்கு ஒன்றும் அசையாது. பழுதாக்கும் என்று நினைக்கிற நேரத்தில் எண் இறங்கத் தொடங்கும். 5.1 வந்ததும் நிறுத்தி, திருகின் மேல் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்து இறுக்கிவிடுங்கள் (அக்காவின் சிவப்புப் பூச்சு இன்றைக்கும் அதில் இருக்கிறது). அதுவரைக்கும் போர்டை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. இந்த மொடியூல்களில் 3 அம்பியர் என்று போட்டிருந்தாலும் 2 அம்பியருக்கு மேல் எடுத்தால் கை வைக்க முடியாத சூடு. பை 3க்கு அது போதும்.

மோட்டர்ப் பக்கத்தை எங்கள் ஊரில் வயரிங் செய்கிற அண்ணை ஒருவரிடம் விட்டேன். 230 வோல்டில் கைவைக்கிற வேலையை யூடியூப் பார்த்துப் பழகக் கூடாது. போர்டின் சைகைக்குத் திறந்து மூடுகிற சின்னச் சுவிட்சான ரிலே மொடியூலை அவரிடம் காட்டினேன். 10 அம்பியர் 250 வோல்ட் என்று அதில் எழுதியிருக்கும், ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஐந்தாறு அம்பியர்தானே எடுக்கும், எல்லோருக்கும் வருகிற யோசனைதான். அவர் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உந்தக் குட்டியில மோட்டரை நேரடியாக் குடுத்தீரெண்டா கெதியா ஒட்டிப்போயிடும். பிறகு நீர் நிப்பாட்டச் சொன்னாலும் அது நிப்பாட்டாது." அவர் சொன்னதற்கு விளக்கம் இதுதான். மோட்டர் சுழலத் தொடங்குகிற அந்தக் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது ரிலேக்குள் இருக்கிற முனைகள் பொறி பறந்து உருகி ஒட்டும். ஒட்டினால் மென்பொருள் என்ன கத்தினாலும் மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் ரிலே கொன்டாக்டரின் கொயிலை மட்டும் இயக்க வேண்டும், கொன்டாக்டர்தான் மோட்டரை இயக்க வேண்டும். கொன்டாக்டருக்குக் கீழே, கரண்ட் கூடினால் துண்டிக்கிற ஓவர்லோட் ஒன்று, மோட்டர்த் தகட்டில் எழுதியிருக்கிற அம்பியருக்குத் திருப்பி வைத்தது. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பட்டனை அழுத்திப் பார்த்து, எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் அவர் மற்றதைத் தொட்டார். கொன்டாக்டரும் ஓவர்லோடும் அரிசி ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் விற்கிற கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். எலெக்ட்ரோனிக்ஸ் கடையில் தேடினால்தான் கிடைக்காது.

வீட்டிலிருந்து கொட்டிலுக்கு நல்ல தூரம். பையிலிருந்து சென்சருக்கு அவ்வளவு நீளம் வயர் இழுத்தால் அளவுகள் தாறுமாறாக வரும். அதைவிட, ஐப்பசியிலும் சித்திரையிலும் இடி இடிக்கிற காலத்தில் அந்த வயர் மின்னலை நேராக வீட்டுக்குள் அழைத்து வரும். அதனால் பை வீட்டுக்குள், கொட்டிலுக்குள் ஈஎஸ்பி8266 என்ற மலிவுப் போர்ட் ஒன்று, இரண்டும் வைஃபையில் கதைக்கின்றன. ஈஎஸ்பியில் ரிலேக்கு எந்தப் பின்னைக் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். சில பின்கள் போர்ட் எழும்புகிற நேரத்தில் தாமாகவே துடிக்கும், கரண்ட் வந்து வந்து போகும்போதெல்லாம் மோட்டரும் தட்டுப்படும். டி1, டி2 என்று குறித்த இரண்டும் அமைதியானவை, அவற்றை எடுங்கள். இந்த ரிலே மொடியூல்கள் 5 வோல்டை எதிர்பார்த்துச் செய்தவை. 3.3 வோல்ட் சைகையில் சிலது முழுதாக அணையாமல் எல்ஈடி மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். மொடியூலின் ஓரத்தில் ஜேடி-விசிசி என்று எழுதிய இடத்தில் ஒரு குட்டித் தொப்பி இருக்கும். அதைக் கழற்றி, ஜேடி பக்கம் 5 வோல்டும் மற்ற விசிசிக்கு 3.3 வோல்டும் கொடுத்தால் தீர்ந்தது. வாங்கும்போதே இந்தத் தொப்பி உள்ள மொடியூலாகப் பார்த்து எடுங்கள்.

தாங்கியில் தண்ணீர் மட்டம் அளக்க எல்லோரும் முதலில் எடுப்பது எச்சி-எஸ்ஆர்04 என்ற இரண்டு கண் உள்ள சென்சர். அது மேசையில் நன்றாக வேலை செய்யும். தாங்கியின் ஆவியில் கண்கள் துருப்பிடிக்கும். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்பது கார் பம்பரில் வருகிற மாதிரி மூடிய ஒற்றைக் கண், அதுதான் இதற்குச் சரி. ஆனால் கண்ணுக்குக் கிட்ட இருபது இருபத்தைந்து சென்றிமீற்றருக்குள் வந்த தண்ணீர் அதற்குத் தெரியாது, ஆகவே அந்த இடைவெளி விட்டு உயர்த்திப் பூட்ட வேண்டும். இரண்டுமே 5 வோல்டில் ஓடினால் பதிலையும் 5 வோல்டில்தான் அனுப்பும். ஒரு 1 கிலோ ஓம், ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு அதை 3.3க்கு இறக்கித்தான் போர்டுக்குக் கொடுக்கலாம். நான் சொன்ன அந்தப் பஸ் ஏற வைக்கிற ரெசிஸ்டர்கள் இவைதான், வாங்கும்போது ஒரு கைப்பிடி சேர்த்து வாங்குங்கள். மண்ணின் ஈரம் பார்க்கிற இரண்டு முள் சென்சரைத் தொடவே வேண்டாம், முள் அரித்துப்போகும். முள் வெளியே தெரியாத கெப்பாசிட்டிவ் வகை கொஞ்சம் விலை, ஆனால் நிற்கும்.

மெமரி கார்ட் பெட்டிக்கடையில் வாங்க வேண்டாம். 32 ஜிபி என்று எழுதி உள்ளே 8 இருக்கிற கார்டுகள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. வாங்கியதும் எஃப்3 என்ற சின்ன நிரலால் முழுக்க எழுதி வாசித்துப் பாருங்கள், பொய் வெளியே வந்துவிடும். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அன்றைக்கே கார்டை அப்படியே இன்னொன்றுக்குப் பிரதி எடுத்து, டேப் போட்டுப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் இல்லாத நேரம் பழுதானால் மருமகன் கார்டை மாற்றிவிட்டால் போதும். அவன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறான், "மாமா, கார்டை மாத்தினா மார்க்ஸ் தருவாங்களோ" என்று கேட்பான், ஆனால் மாற்றுவான்.

பை 5க்கு முந்திய போர்டுகளில் மணிக்கூடு இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கரண்ட் வந்ததும் பை எழும்பிவிடும், ரவுட்டர் சிக்னல் தேடி இணையத்தைப் பிடிக்க இன்னும் நேரம் எடுக்கும், அதுவரைக்கும் பை தான் கடைசியாக அணைந்த நேரத்திலேயே நிற்கிறதாக நினைத்துக்கொண்டிருக்கும். நேரம் பார்த்து மோட்டர் போடுகிற வேலைக்கு இது சரிவராது. டிஎஸ்3231 என்ற குட்டி மணிக்கூட்டு மொடியூல் ஒன்று நாலு பின்னில் பூட்டினால் முடிந்தது. அதை 5 வோல்டில் கொடுக்காமல் 3.3இல் கொடுங்கள். சில மொடியூல்கள், நிரப்பக்கூடாத நாணயப் பற்றரியையும் நிரப்பப் பார்க்கும்.

மென்பொருள் எல்லாம் இலவசம், செலவு டேட்டாவுக்குத்தான். ராஸ்பெரி பை ஓஎஸ் லைட் என்ற திரை இல்லாத பதிப்பு போதும். தரவிறக்கும்போது அரை ஜிபி அளவு வரும், இரவு நேர டேட்டாவில் விட்டுவிட்டுப் படுக்கலாம். இமேஜர் என்ற நிரலால் கார்டில் எழுதும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைகிற எஸ்எஸ்எச், நேர வலயம் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், பிறகு திரையும் கீபோர்டும் தேட வேண்டியதில்லை. பழைய பாடங்களில் பயனர் பெயர் பை, கடவுச்சொல் ராஸ்பெரி என்று இருக்கும். 2022 ஏப்ரலோடு அதை எடுத்துவிட்டார்கள், அதைத் தட்டிப் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள்.

வீட்டுச் சாமான்களைக் கட்டுப்படுத்துகிற ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் நல்ல சாமான்தான், வீடு முழுக்க மின்குமிழும் கமராவும் வைத்திருப்பவர்களுக்கு. 1 ஜிபி ராமில் அது மூச்சு வாங்கும். நான் எடுத்தது மொஸ்கிட்டோவும் நோட்-ரெட்டும். மொஸ்கிட்டோ போர்டுகளுக்கிடையில் செய்தி கொண்டுபோகிற தபால்காரர். நோட்-ரெட்டில் பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்து நிபந்தனைகளை வைக்கலாம், 2013இல் ஐபிஎம் ஆட்கள் உருவாக்கிப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஈஎஸ்பிக்கு டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் என்ற ஆயத்த மென்பொருள் இரண்டில் ஒன்று, நிரல் எழுதத் தெரியாதவரும் சமாளிக்கலாம். பதிவுகள் எல்லாம் ராமில் எழுதும்படி லொக்2ராம் போட்டால் கார்டுக்கு வேலை குறையும்.

வெளியிலிருந்து பார்க்கிற விஷயத்தில் ஒரு சிக்கல். சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் எங்கள் பக்கம் பெரும்பாலும். அதற்கு வெளியுலகம் தேடி வரக்கூடிய முகவரி கிடையாது, ரவுட்டரில் வாசல் (port) திறந்துவிடுங்கள் என்று பாடங்களில் சொல்வது இங்கே பலிக்காது. தானாகச் செய்தி அனுப்பி வாங்குகிற டெலிகிராம் பொட் ஒன்று இந்தத் தலையிடியைத் தீர்த்தது. பையே வெளியே போய்ச் செய்தி இருக்கிறதா என்று கேட்டு வருகிறது, உள்ளே யாரும் வரத் தேவையில்லை. "தாங்கி நிறைந்தது", "கிணறு இறங்கிவிட்டது, மோட்டர் நிற்கிறது" என்று தமிழிலேயே அனுப்பலாம், எழுத்து உடையாது. கொட்டிலில் வைக்க வாங்குகிற இரண்டு வரி எல்சிடியில்தான் தமிழ் எடுபடாது. நாமாக வரைந்து போடுகிற எழுத்துக்கு அதில் எட்டு இடம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு எல்சிடியும் வேண்டாம், டெலிகிராமும் வேண்டாம். நிறைந்தால் பச்சை, ஓடினால் மஞ்சள், பிழையென்றால் சிவப்பு என்று மூன்று எல்ஈடியைக் குசினிச் சுவரில் வைத்தேன். அதைத்தான் இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள்.

பெட்டிக்கு வருவோம். வயரிங் கடையில் கிடைக்கிற பிவிசி பெட்டி போதும், ஆனால் ஓட்டை எல்லாம் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், ஒவ்வொரு வயருக்கும் ரப்பர் வைத்து இறுக்குகிற கிளான்ட் போட வேண்டும். சோளகம் தொடங்கினால் புழுதி எப்படியும் உள்ளே போகும். எறும்பு அதைவிடச் சின்ன இடுக்கில் போகும். பல்லிக்கு இந்தப் பெட்டியின் இளஞ்சூடு நல்லாகப் பிடிக்கும். ஒருநாள் மூடியைத் திறந்தால் ரிலேக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் வெள்ளையாக இரண்டு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தன, பிடுங்கினால் உடைகிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு அப்பா பல்லி விழுந்த பலன் இருக்கிற பஞ்சாங்கத்தைத் தேடப் போனார், முட்டைக்குப் பலன் போட்டிருக்கவில்லை. வெற்றிடத்தை எல்லாம் சிலிக்கன் பூசி அடைத்த பிறகு பல்லி வரவில்லை. தகரக் கூரையில் முட்டுகிற உயரத்தில் பெட்டியைப் பூட்ட வேண்டாம், மத்தியானத்தில் உள்ளே வேகும். பை 80 பாகையைத் தொட்டால் தன்னையே மெதுவாக்கிக்கொள்ளும். ஈஎஸ்பி அப்படி முறைப்பாடு செய்யாமல் சும்மா தொங்கி நிற்கும்.

அப்பா எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உது செத்துப்போனா நான் எப்பிடித் தண்ணி இறைக்கிறது?" பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆள். பெற்றோலுக்கு வழியில்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய ஊர் இது. கையால் இயக்க முடியாத எந்தச் சாமானையும் அந்த ஆட்கள் நம்ப மாட்டார்கள், நம்பத் தேவையும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வரைபடத்தையே அதைச் சுற்றிப் போட்டேன். கொன்டாக்டர்ப் பெட்டியின் முகப்பில் மூன்று நிலைச் சுவிட்ச்: நடுவில் நிறுத்தம், ஒரு பக்கம் கை, மறுபக்கம் தானியங்கி. கைப் பக்கம் திருப்பினால் பையும் ஈஎஸ்பியும் எரிந்து கிடந்தாலும் மோட்டர் ஓடும். ஓவர்லோடும் மிதவைச் சுவிட்சுகளும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, வயரிலேயே தொடராக இருக்கின்றன, அவை எந்த மென்பொருளையும் கேட்பதில்லை. தானியங்கிப் பக்கத்தில் ஈஎஸ்பிக்கு இரண்டு கட்டுப்பாடு சொல்லி வைத்திருக்கிறேன். பையிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றால் மோட்டரை நிறுத்து. தாங்கி நிறைய எடுக்கிற நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் ஓடினால், யார் என்ன சொன்னாலும் நிறுத்து. குழாய் கழன்று தண்ணீர் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த இரண்டாவது கட்டுப்பாடுதான் மோட்டரை நிறுத்தி, குசினியில் சிவப்பைப் போட்டது.

அடுத்தது மிளகாய்ப் பாத்திக்கு வால்வு. இங்கேயும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற சொலனொயிட் வால்வுகளில் பெரும்பாலானவை தண்ணீரின் அமுக்கத்தால்தான் முழுதாகத் திறந்து மூடும். பத்தடி உயரத் தாங்கியிலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு 0.3 பார் அளவுதான் அமுக்கம், அது பல வால்வுகளுக்குப் போதாது. கசியும், இல்லையென்றால் அரைகுறையாகத் திறக்கும். இதற்குக் குட்டி மோட்டர் வைத்துத் திருப்புகிற போல் வால்வுதான் வேண்டும். திறக்க மூடச் சில செக்கன் எடுக்கும், விலையும் கூட, ஆனால் அமுக்கமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும், 12 வோல்டில் இருக்கிற பற்றரியிலேயே ஓடும். முக்கால் அங்குலத்தில் இரண்டு வேண்டும் என்று வவுனியாவில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.